ஸ்ட்ராடஜி கேமுக்கு கம்மி பட்ஜெட்ல கம்ப்யூட்டர்: காசை முதல்ல எதுல போடணும்?

காலேஜ் படிக்கிற தம்பி ஒருத்தர் கேட்டிருக்கார்: சிவிலைசேஷன் 6, ஸ்டெல்லாரிஸ், ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2 டெஃபினிட்டிவ் எடிஷன் இந்த மூணும் நல்லா ஓடணும், எப்பவாவது டோட்டல் வார். பட்ஜெட் ரொம்ப கம்மி. செகண்ட் ஹேண்ட்ல ஐ7 2600 ப்ராசஸர், 16 ஜிபி ரேம், ஜிடி 730 4 ஜிபி கிராபிக்ஸ் கார்டோட ஒரு செட் வருது, அதை எடுக்கலாமா, இல்ல கொஞ்சம் கூடப் போட்டு கிராபிக்ஸ் கார்டே இல்லாத ஐ3 12100 எடுக்கலாமா?

தம்பி, கண்ணை மூடிட்டு ஐ3 எடுங்க. ஐ7ங்கிற பேரும் 4 ஜிபி கிராபிக்ஸ்ங்கிற நம்பரும் பாக்க பெருசா தெரியும், ஆனா நீங்க விளையாடுற கேமுக்கு ரெண்டுமே உதவாது, ஏன்னு சொல்றேன்.

சுடுற கேம், ரேஸ் கேம்ல எல்லாம் பெரும்பாலான பாரம் கிராபிக்ஸ் கார்டு மேல விழும். ஸ்ட்ராடஜி கேம்ல அப்படி இல்ல. சிவிலைசேஷன்ல நீங்க நெக்ஸ்ட் டர்ன் அமுக்கினதும் கம்ப்யூட்டரே ஆடுற ஒவ்வொரு ஏஐ நாடும் தன்னோட யூனிட்டை எங்க நகத்தணும், எந்த ஊர்ல என்ன கட்டணும், யாரோட சண்டைனு வரிசையா கணக்குப் போடுது, முன்னாடி நாடு நகந்து முடிச்ச மேப்பை வச்சுத்தான் அடுத்த நாடு யோசிக்க முடியும், அதனால இந்த வேலையை எட்டு கோருக்கு, அதாவது ப்ராசஸருக்குள்ள தனித்தனியா கணக்குப் போடுற எட்டு பகுதிக்கு, சமமா பிரிச்சுக் குடுக்க முடியாது. ஒரு ஆள் கூட்டல் போட்டு முடிச்சாத்தான் அடுத்த ஆள் அந்த விடையை எடுத்து பெருக்க முடியும்ங்கிற மாதிரி. ஸோ எத்தனை கோர் இருக்குங்கிறதை விட ஒரு ஒத்தை கோர் எவ்ளோ வேகமா ஓடுதுங்கிறதுதான் இங்க பேச்சு.

இதை உங்க கண்ணாலயே பாக்கலாம். இப்ப இருக்கிற ஏதாவது ஒரு கம்ப்யூட்டர்ல பழைய சேவ், 200 டர்ன் தாண்டின சேவ் ஒண்ணை லோட் பண்ணுங்க, டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்ஃபார்மன்ஸ்ல சிபியு கிராஃப் மேல ரைட் கிளிக் பண்ணி லாஜிக்கல் ப்ராசஸர்ஸ்னு மாத்திட்டு நெக்ஸ்ட் டர்ன் அமுக்குங்க. மொத்தமா பாத்தா சிபியு பாதி கூட ஓடாத மாதிரி காட்டும், ஆனா சின்ன கட்டங்கள்ல ஒண்ணு ரெண்டு மட்டும் உச்சிக்குப் போய் நிக்கும். அந்தக் கட்டம்தான் உங்களை காக்க வைக்குது. மிச்ச கோர் எல்லாம் சும்மாதான் இருக்கு.

இப்ப அந்த ஐ7 2600க்கு வருவோம். அது 2011ல வந்தது, 4 கோர் 8 த்ரெட் (ஒரே நேரத்துல எடுத்துச் செய்ற வேலை வரிசை), டர்போல, அதாவது உச்ச வேகத்துல, 3.8 கிகாஹெர்ட்ஸ். ஐ3 12100 வந்தது 2022, அதுவும் 4 கோர் 8 த்ரெட்தான், டர்போ 4.3. கிகாஹெர்ட்ஸ் மட்டும் பாத்தா ரெண்டும் பக்கத்து பக்கத்துல இருக்கிற மாதிரி தோணும், ஆனா ஒவ்வொரு கிகாஹெர்ட்ஸ்லயும் புதுசு செய்ற வேலை ரொம்ப அதிகம், ஒத்தை கோர் வேகத்துல ஐ3 ஏறக்குறைய ரெண்டு மடங்கு. அதனால ஐ3யா ஐ5ஆ ஐ7ஆனு பாக்காதீங்க, எந்த வருஷத்து ப்ராசஸர்னு பாருங்க. அந்த பழைய ஐ7க்கு விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமா கிடையாது, விண்டோஸ் 10க்கான இலவச சப்போர்ட் 2025 அக்டோபரோட முடிஞ்சது, அதுவும் ஒரு காரணம். இதே கதைதான் பழைய சர்வர்ல இருந்து கழட்டி விக்கிற ஸியான் ப்ராசஸருக்கும், கோர் நிறைய இருக்கும், ஒவ்வொண்ணும் மெதுவா இருக்கும், வீடியோ ரெண்டர் பண்றவங்களுக்கு ஓகே, ஸ்டெல்லாரிஸ்க்கு வேண்டாம்.

ஜிடி 730 4 ஜிபி பத்தி கொஞ்சம் கோபமாவே சொல்றேன், ஏன்னா இந்த 4 ஜிபிங்கிற ஸ்டிக்கரை நம்பித்தான் நிறைய பசங்க காசை விடுறாங்க. 2014ல வந்த கார்டு, 4 ஜிபி போட்டு விக்கிறது பெரும்பாலும் பழைய டிடிஆர்3 மெமரி, அந்த 4 ஜிபியை நிரப்பற வேகமே அந்த கார்டுக்கு கிடையாது. ஐ3 12100க்குள்ளயே வர்ற யுஹெச்டி 730 கிராபிக்ஸ்க்கும் இதுக்கும் சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. ஜிடி 1030லயும் இதே மாதிரி ஒண்ணு இருக்கு, ஜிடிடிஆர்5 போட்டது ஒண்ணு, சாதா டிடிஆர்4 போட்டது ஒண்ணு, ரெண்டுக்கும் பேர் ஒண்ணுதான், ஆனா டிடிஆர்4 போட்டதுல மெமரி வேகம் மத்ததுல கிட்டத்தட்ட மூணுல ஒரு பங்குதான். அதனால எந்த சின்ன கார்டா இருந்தாலும் எத்தனை ஜிபினு கேக்கிறதுக்கு முன்னாடி என்ன மெமரினு கேளுங்க.

வாங்கும்போது கவனிக்க வேண்டிய ஒரு எழுத்து, இன்டெல்ல நம்பர் கடைசியில எஃப் இருந்தா, அதாவது 12100எஃப், 12400எஃப் மாதிரி, உள்ள கிராபிக்ஸ் கிடையாது. விலை கம்மியா இருக்கேனு அதை எடுத்துட்டு வந்தா தனி கார்டு போடுற வரைக்கும் மானிட்டர்ல ஒண்ணும் வராது. உங்களுக்கு எஃப் இல்லாததுதான் வேணும்.

ரேம்ல 16 ஜிபி போதும், ஆனா ஒரே குச்சியா 16 வாங்காதீங்க, 8 ஜிபி ரெண்டா போடுங்க. உள்ளேயே இருக்கிற கிராபிக்ஸ்க்கு சொந்த மெமரி கிடையாது, உங்க ரேம்லயே பங்கு கேக்கும், ரெண்டு குச்சி இருந்தா ரெண்டு வழியா டேட்டா போகும், ஒண்ணு இருந்தா பாதி வேகம்தான். ப்ராசஸர் அதேதான், செட்டிங் அதேதான், ஒத்தை குச்சியில திக்கித் திணறுற மேப் ரெண்டாவது குச்சி போட்டதும் சரளமா நகரும், இவ்ளோ கம்மி செலவுல இவ்ளோ பலன் தர்றது வேற எதுவும் இல்லனே சொல்வேன். பழைய செட் பாக்கப் போனா டாஸ்க் மேனேஜர்ல மெமரி பக்கத்துல எத்தனை ஸ்லாட் யூஸ் ஆகுதுனு காட்டும், பாத்துக்குங்க. எஸ்எஸ்டி கண்டிப்பா வேணும், ஆனா அது கேம் லோட் ஆகிற நேரத்தைத்தான் குறைக்கும், டர்ன் நேரத்தை குறைக்காது.

ஐ3யோட உள் கிராபிக்ஸ்ல என்ன கிடைக்கும்னு உண்மையா சொல்லிடறேன். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் 2, ஸ்டெல்லாரிஸ் ரெண்டும் செட்டிங் குறைச்சா ஓடும், சிவிலைசேஷன் 6ம் லோ செட்டிங்ல ஓடும், திணறுச்சுனா ஸ்ட்ராடஜிக் வியூனு ஒரு தட்டை மேப் இருக்கு, அதுக்கு மாறிக்கலாம். டோட்டல் வார் மட்டும் வேற ஜாதி, ஆயிரக்கணக்கான சிப்பாயை ஒவ்வொருத்தரா வரையணும், அந்த வரிசையில வர்ற வார்ஹாமர் 3 மாதிரி கேமுக்கு தனி கார்டு இல்லாம ஆசைப்படாதீங்க. அதை ஒரு வருஷம் தள்ளிப் போடுங்க.

இல்ல, கார்டு எப்பவுமே வாங்க மாட்டேன், உள்ள இருக்கிறதுலயே கொஞ்சம் நல்லா இருக்கணும்னா ரைசன் 5 5600ஜி பாருங்க, 6 கோர், உள் கிராபிக்ஸ் யுஹெச்டி 730ஐ விட நல்லாவே வலுவு. ஆனா அதுல ஒரு இழப்பு இருக்கு, எல்3 கேஷ், அதாவது ப்ராசஸருக்குள்ளயே இருக்கிற சின்ன வேக மெமரி, 16 எம்பிதான், சாதா 5600ல 32 எம்பி. ஸ்ட்ராடஜி கேமுக்கு கேஷ் ரொம்ப முக்கியம், ஏன்னா ஆயிரக்கணக்கான யூனிட், ஊரு, கப்பல் தகவலை திரும்பத் திரும்ப புரட்டணும், அது ப்ராசஸர் பக்கத்துலயே இருந்தா வேகம், ரேம் வரைக்கும் போய்ட்டு வந்தா மெதுவு. 96 எம்பி கேஷோட 2022ல வந்த ரைசன் 7 5800எக்ஸ்3டி ப்ராசஸரை ஸ்டெல்லாரிஸ், ஃபேக்டோரியோ விளையாடுற ஆளுங்க அவ்ளோ கொண்டாடுறதுக்கும் இதான் காரணம். அதோட நல்ல விஷயம், 5600ஜி உக்காருற அதே ஏஎம்4 சாக்கெட் மதர்போர்டுல பயாஸை (போர்டுக்குள்ள இருக்கிற சாஃப்ட்வேரை) அப்டேட் பண்ணிட்டு பின்னாடி அந்த எக்ஸ்3டி வகையை செகண்ட் ஹேண்ட்ல தேடி மாட்டிக்கலாம்.

புதுசே வாங்க முடியலனா ஆபீஸ்ல இருந்து வெளிய வர்ற பழைய டெஸ்க்டாப் பாருங்க, 8ம் ஜெனரேஷனுக்கு கீழ போகாதீங்க, ஐ5 8500 இருந்தா நல்லது, 6 கோர், விண்டோஸ் 11ம் ஏத்துக்கும். கடைசியில டி எழுத்து இருந்தா, 8500டி, அது கரண்ட் மிச்சம் பண்றதுக்காக வேகம் குறைச்சது, வேண்டாம். இந்த ஆபீஸ் டெஸ்க்டாப் ஒல்லி டப்பாவா இருந்தா உள்ள பெரிய கார்டு நுழையாது, பவர் சப்ளைல கார்டுக்கு தனி ஒயரும் இருக்காது, ஸ்லாட் தர்ற 75 வாட்லயே ஓடணும். அதுக்கு ஜிடிஎக்ஸ் 1650 குட்டை மாடல் சரியா வரும். ஆர்எக்ஸ் 6400ம் நுழையும், 53 வாட்தான், ஆனா அது போர்டோட வெறும் 4 லேன்லதான், அதாவது 4 டேட்டா பாதையிலதான், பேசும், இந்த பழைய போர்டுல அந்தப் பாதை பழைய பிசிஐ எக்ஸ்பிரஸ் 3 மட்டும் இருக்கிறதால அது தன் முழு வேகத்தை காட்டாது.

லேப்டாப்தான் வேணும்னா, ஹாஸ்டல்ல இருக்கிறவங்களுக்கு வேற வழி இல்லனு புரியுது, யு எழுத்து ப்ராசஸரை விட்டு எச் எழுத்து இருக்கிறதா பாருங்க. பெட்டியில போட்டிருக்கிற 4.5 கிகாஹெர்ட்ஸ் எல்லாம் ஒல்லி லேப்டாப்ல கொஞ்ச நேரம்தான், சூடு ஏறினா இறங்கிடும், நீங்க விளையாடப் போறது நாலு மணி நேரம். ஏஜ் ஆஃப் எம்பயர்ஸ் ஆன்லைன்ல ஆடுறீங்கனா இது இன்னும் முக்கியம், அதுல எல்லார் கம்ப்யூட்டரும் அதே போரை சேந்து கணக்குப் போடுது, ஒருத்தர் மெஷின் பின்தங்கினா எட்டு பேருக்கும் கேம் மெதுவாகும், அதனாலதான் ரேங்க்ட், அதாவது தரவரிசை மேட்ச், ஆடறதுக்கு முன்னாடி கேம்லயே ஒரு பெஞ்ச்மார்க் (வேக டெஸ்ட்) ஓட்டி 1000 பாயிண்ட் எடுக்கச் சொல்றாங்க.

செகண்ட் ஹேண்ட் எதை எடுத்தாலும் காசு குடுக்கிறதுக்கு முன்னாடி, முடிஞ்சா சிவிலைசேஷன் 6ஐ அதுல போட்டு மெயின் மெனுவுல பெஞ்ச்மார்க் போய் ஏஐ டெஸ்ட் ஓட்டுங்க, ஒரு டர்னுக்கு சராசரி எத்தனை செகண்ட்னு சொல்லிடும். பக்கத்துல இருக்கிற கிராபிக்ஸ் டெஸ்ட்டை அப்புறம் பாத்துக்கலாம், ரெண்டு மெஷினுக்கு நடுவுல முடிவு பண்ண உங்களுக்கு அந்த ஏஐ நம்பர் போதும்.