அமெரிக்காவில் கறுப்பின மாணவர் முனைவர் படிப்புக்கு எப்படித் தயாராவது?

வீட்டில் முதல் பட்டதாரி நான்தான், முனைவர் படிப்புக்கு எங்கிருந்து தொடங்குவது என்று கேட்டிருக்கிறீர்கள். முதலில் உங்கள் கல்லூரியில் மெக்நேர் திட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 1986இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் இறந்த கறுப்பின இயற்பியலாளர் ரொனால்ட் மெக்நேர் பெயரில் அமெரிக்க அரசு நிதி தரும் திட்டம். வழிகாட்டப் பேராசிரியர், ஆய்வு அனுபவம், உதவித்தொகை எல்லாம் உண்டு. பல பல்கலைக்கழகங்கள் இந்த மாணவர்களுக்கு விண்ணப்பக் கட்டணமும் வாங்குவதில்லை.

அப்புறம், பேராசிரியருக்கு எழுதும் மின்னஞ்சல். ‘உங்கள் ஆய்வு பிடிக்கும்’ என்று எழுதினால் பதில் வராது. அவருடைய கட்டுரை ஒன்றைப் படித்து, அதில் எழுந்த சந்தேகத்தை நாலு வரியில் கேளுங்கள்.

இடம் கிடைத்தால், அங்கே படிக்கும் கறுப்பின மாணவரிடம் தனியாகப் பேசுங்கள்: எத்தனை பேர் பாதியில் விட்டுப் போனார்கள்? துறை இணையப் பக்கத்தில் சிரிக்கும் முகங்கள் இதைச் சொல்லாது. கல்விக் கட்டண விலக்கும் உதவித்தொகையும் தராவிட்டால், அந்த இடத்துக்குச் சரி என்று சொல்லிவிடாதீர்கள்.