ஏழ்மைதான் காரணமா? உங்கள் கட்டுரைக்கு ஒரு யோசனை

"ஏழை நாடுகளுக்கு நிதியுதவி கொடுத்தால் குடிபெயர்வு நின்றுவிடும்" என்று எழுதியதை ஆசிரியர் ஆதாரம் கேட்டுத் திருப்பிவிட்டார் என்கிறீர்கள். அவர் கேட்டது சரிதான். ஆனால் நீங்கள் மட்டுமல்ல, 2015 நவம்பரில் மால்டாவின் தலைநகர் வல்லெட்டாவில் நடந்த மாநாட்டில் ஆப்பிரிக்காவுக்கான அவசர நிதியத்தைத் தொடங்கிய ஐரோப்பிய ஒன்றியமும் இதையே நம்பியது.

உண்மையில், மிகவும் ஏழ்மையான நாடுகளிலிருந்து தொலைதூரம் போகிறவர்கள் குறைவு. பயணச் செலவு, தரகருக்குக் கொடுக்கப் பணம், கொஞ்சம் படிப்பு, போகிற இடத்தில் தெரிந்தவர் ஒருவர், இதெல்லாம் வேண்டுமே! வருமானம் சற்று உயரும்போது புறப்படுகிறவர்கள் கூடுகிறார்கள். தலா வருமானம், வாங்கும் திறன் கணக்கில் (அதாவது நாட்டுக்கு நாடு வேறுபடும் விலைவாசியைச் சரிக்கட்டிப் பார்த்தால்), ஏறத்தாழ 10,000 டாலரைத் தொட்ட பிறகே அது இறங்கத் தொடங்குகிறது. மிகவும் ஏழ்மையாக இல்லாமலும் பலர் புறப்படுகிற நாடுகளுக்கு மெக்சிகோவையும் பிலிப்பைன்ஸையும் உதாரணமாகக் காட்டுங்கள். ஒன்று கவனம்: இது நாடுகளை ஒப்பிட்டுப் பார்த்த கணக்கு. ஒரே நாட்டில் வருடா வருடம் இப்படித்தான் நடக்கும் என்று எழுதிவிடாதீர்கள்.

போருக்குத் தப்பி ஓடுகிறவர்களைத் தனியாகப் பிரித்துவிடுங்கள். அவர்களில் பெரும்பாலோர் பக்கத்து நாட்டிலேயே தங்கிவிடுகிறார்கள்.

அப்புறம், அரசுக் கொள்கை நினைத்ததற்கு மாறாகவும் வேலை செய்யலாம் என்பதற்கு மேற்கு ஜெர்மனியைச் சேர்க்கலாம். 1973இல் வெளிநாட்டுத் தொழிலாளர்களை வரவழைப்பதை அது நிறுத்தியது. சொந்த நாட்டுக்குப் போனால் மறுபடி ஜெர்மனிக்கு வர முடியாதே என்று பலர் அங்கேயே தங்கி, குடும்பத்தையும் அழைத்துக்கொண்டார்கள். எனக்கு இதைவிட நல்ல உதாரணம் தெரியாது.

முன்னுரைக்கு ஐ.நா. மதிப்பீடு போதும்: 2024இல் பிறநாடுகளில் வாழ்பவர்கள் 30.4 கோடி, உலக மக்கள்தொகையில் 3.7 சதவீதம்.