வடக்கு வேல்ஸில் பென்மைன்மௌர் என்ற ஊரில் பார்க்க ஏதாவது இருக்கிறதா? அப்பா அம்மாவை அழைத்துப் போகலாமா?

தாராளமாக அழைத்துப் போங்கள். "அங்கே என்ன இருக்கு?" என்று என்னையும் பலர் கேட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் மனசுக்குக் கஷ்டமாகத்தான் இருக்கும். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

பெற்றோர் ஊரிலிருந்து வந்திருப்பார்கள், கையில் இரண்டு நாள் இருக்கும், பக்கத்திலுள்ள பெரிய கடற்கரை ஊரான லாண்டுட்னோவா இதுவா என்று யோசிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன். கடைத்தெருவும் கூட்டமும் வேண்டுமென்றால் லாண்டுட்னோவே சரி. அதை நான் குறை சொல்லவில்லை. பென்மைன்மௌரில் இருப்பது கடல், அதன் முதுகிலேயே எழும் மலை, நடுவில் ஒரு சின்ன ஊர். அவ்வளவுதான். பிரிட்டிஷ் பிரதமராக இருந்த கிளாட்ஸ்டன் ஓய்வெடுக்கத் திரும்பத் திரும்ப இங்கேதான் வந்தார்.

என் அப்பா கரூர்ப் பக்கம் ஒரு கல் குவாரியில் கணக்கு எழுதியவர். இங்கே வந்தபோது லண்டன் அவருக்குப் பிடிக்கவில்லை. பென்மைன்மௌர் கடற்கரையில் இறங்கியதும் கடலைப் பார்க்கவில்லை, திரும்பி மலையைத்தான் பார்த்தார். "ஏங்கண்ணு, மலையைப் படிப்படியா வெட்டி எடுத்திருக்காங்க பாரு" என்றார். உண்மைதான். 19-ஆம் நூற்றாண்டிலிருந்து அந்த மலையை வெட்டி, சாலைக்குப் பாவுகல்லும் தண்டவாளத்துக்கு ஜல்லியும் அனுப்பியிருக்கிறார்கள். உச்சியில் இருந்த இரும்புக் காலக் கோட்டையும் அதில் போய்விட்டது. அதற்கும் வெகுகாலம் முன்பு, புதிய கற்காலத்தில், பக்கத்திலுள்ள கிரைக் லுய்ட் சரிவில் கல் கோடரி செய்தார்கள். அந்தக் கோடரிகள் பிரிட்டனின் பல மூலைகளிலும் கிடைத்திருக்கின்றன. இதைச் சொன்னதும் அப்பா வெகுநேரம் பேசவில்லை. அப்புறம், எந்தக் கல் எப்படி உடையும் என்று எனக்குப் பாடம் எடுக்க ஆரம்பித்தார். அவர் தன் வேலையைப் பற்றி அவ்வளவு சந்தோஷமாகப் பேசி நான் கேட்டதே இல்லை.

அவருக்கு முழங்கால் வலி. அதனால் சிக்னன்ட் கணவாயின் மேல்வரை டாக்ஸியில் போய், வொயில் லீஸ் குன்றைச் சுற்றும் ஜூபிலி பாதையில் மெதுவாக நடந்தோம். விக்டோரியா ராணியின் பொன்விழா நினைவாகப் போட்ட பாதை. பெரிய ஏற்றம் கிடையாது, ஆனால் ஒரு பக்கம் சரிவு, பார்த்து நடக்க வேண்டும். கடலைப் பார்த்து நின்றால் வலப்பக்கம் கிரேட் ஆர்ம் முனை, எதிரே பஃபின் தீவு, அதற்கப்பால் ஆங்கிள்சி தீவு. கார்நெதை மலைகளில் திரியும் குட்டைக் குதிரைகள் இரண்டு எங்களைக் கண்டுகொள்ளாமல் மேய்ந்துகொண்டிருந்தன. உங்கள் பெற்றோருக்கு நல்ல நடை இருந்தால் இன்னும் மேலே ஏறி, வெண்கலக் காலக் கல் வட்டத்தையும் பாருங்கள்.

"ஏ55 நெடுஞ்சாலை ஊருக்கும் கடலுக்கும் நடுவில் போகிறதே, இதில் என்ன அமைதி?" என்று யாராவது கேட்பார்கள். போகிறதுதான். கீழே வண்டிச் சத்தம் கேட்கும். மேலே ஏற ஏற அது அடங்கிவிடும்.

வார நாளில், பள்ளி விடுமுறை இல்லாத சமயம் போங்கள். என்னால் அப்படித்தான் போக முடியும். நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தில் கிறிஸ்துமஸ் வந்தால் "உங்களுக்கு அது பண்டிகை இல்லையே" என்று என் பெயரைப் போடுவார்கள். தீபாவளிக்கு விடுப்புக் கேட்டால் ஆள் பற்றாக்குறை என்பார்கள். இரண்டு நாளும் நாங்களே வேலை பார்க்க வேண்டும் என்பது என்ன நியாயம்? கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், ஆனால் இங்கே கேர் வேலையில் இருக்கும் நம் ஆட்களுக்குப் புரியும்.

செஸ்டரிலிருந்து ரயில் உண்டு. பென்மைன்மௌரில் கேட்டால்தான் நிறுத்துவார்கள், கண்டக்டரிடம் முன்னாலேயே சொல்லிவிடுங்கள். திரும்பும்போது நடைமேடையில் நின்று கையைக் காட்ட வேண்டும். சாயங்காலம் கடைகள் சீக்கிரம் மூடிவிடும், அதனால் சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். கோடையானாலும் அப்பாவுக்கு ஒரு ஸ்வெட்டர் அவசியம்.