கியர் கத்துகிறதா? ஷிம்மைப் பாருங்கள்

கேள்வி: ஸ்பிரிங் மாற்றுவதற்காக என் ஏர்சாஃப்ட் துப்பாக்கியின் (பிளாஸ்டிக் குண்டு சுடும் விளையாட்டுத் துப்பாக்கி) கியர்பாக்ஸைப் பிரித்தேன். வெர்ஷன் 2 வகை கியர்பாக்ஸ், 18:1 கியர் செட் (மோட்டார் 18 சுற்றுக்குக் கடைசிக் கியர் ஒரு சுற்று). திரும்பப் பூட்டியதிலிருந்து டிரிகரை அழுத்தினால் கீச்சென்று கத்துகிறது. கிரிப்பின் அடியில் உள்ள மோட்டார் ஸ்க்ரூவை எவ்வளவு திருகிப் பார்த்தும் சத்தம் இடம் மாறுகிறதே தவிர போகவில்லை. மோட்டார் போய்விட்டதா?

மோட்டாரை மாற்றக் கடைக்குக் கிளம்பிவிடாதீர்கள். நீங்கள் எழுதியதிலேயே விடை இருக்கிறது: பிரித்துப் பூட்டிய பிறகுதான் சத்தம் வந்திருக்கிறது. பிரிக்கும்போது கிரீஸோடு கியரில் ஒட்டிக்கொண்டு வந்த ஷிம் ஒன்று இடம் மாறியிருக்கும், அல்லது கீழே விழுந்திருக்கும். கியர் அச்சின் இரு முனைகளிலும் மாட்டுகிற அந்த மெல்லிய வாஷர்தான் ஷிம். 0.1, 0.2, 0.3, 0.5 மில்லிமீட்டர் என்று பல தடிமனில் வரும். 0.1 மில்லிமீட்டர் ஷிம் ஒரு சொட்டு கிரீஸுக்குள் மறைந்துபோகும். அதனால் வெள்ளைத் துணி விரித்துத்தான் பிரிக்க வேண்டும் என்று இந்தப் பகுதியில் விடாமல் சொல்லி வருகிறேன்.

ஸ்க்ரூவுக்கு ஏன் சத்தம் அடங்கவில்லை? மோட்டார் முனையில் இருக்கும் பினியன் என்ற சின்னப் பல்சக்கரம், கியர் வரிசையில் முதலாவதான பெவல் கியரைச் செங்குத்தாகச் சந்திக்கிறது. ஸ்க்ரூ மோட்டாரை மேலும் கீழும்தான் நகர்த்தும். பெவலின் பல்லுக்குள் பினியன் பல் எவ்வளவு ஆழமாக இறங்க வேண்டும் என்பது வேறு திசை. பெவலை அதன் அச்சிலேயே இடமோ வலமோ தள்ளினால்தான் அது மாறும். அந்த வேலையை ஷிம் மட்டுமே செய்யும். ஆழம் குறைந்தால் பல் நுனியில் மட்டும் உரசிக் கத்தும், நாளடைவில் நுனி மழுங்கும். ஆழம் கூடினால் மோட்டார் திணறும், சூடாகும், பேட்டரி சீக்கிரம் தீரும். இந்த இரண்டையும் ஸ்க்ரூவைத் திருகிச் சரிசெய்ய முடியாது.

கேள்வி: ஷிம் போடும்போது சிலர் நடுவில் உள்ள ஸ்பர் கியரில் தொடங்கு என்கிறார்கள், சிலர் பெவலில் தொடங்கு என்கிறார்கள். எது சரி?

பெவலில் தொடங்குங்கள். மோட்டார் பக்கவாட்டில் நகராது, பினியன் நிற்கிற இடம் நின்றதுதான். நகராத ஒன்றுக்கு ஏற்ப நகரக்கூடியதை அமைப்பதே முறை. பினியனுக்கு ஏற்றபடி பெவல், பெவலுக்கு ஏற்றபடி ஸ்பர், ஸ்பருக்கு ஏற்றபடி, பிஸ்டனை இழுக்கும் கடைசிக் கியரான செக்டர்.

ஸ்பரில் தொடங்கினாலும் மூன்று கியரும் தங்களுக்குள் அழகாகச் சுற்றும். கையால் சுற்றிப் பார்த்தால் குறையே தெரியாது. மோட்டாரைப் பூட்டிய பிறகு பெவல் பினியனை விட்டு விலகி நிற்பது தெரியவரும், மூன்றையும் மறுபடி அமைக்க வேண்டியிருக்கும். ஷெல்லும் (கியர்பாக்ஸின் வெளிக்கூடு) கியரும் ஒரே கம்பெனி, அளவு துல்லியம் என்றால் எந்த வரிசையும் கைகொடுக்கும். வேறு வேறு கம்பெனிப் பாகங்களைக் கலந்து போட்டிருப்பவர்களுக்குப் பெவல்தான் தொடக்கம்.

கேள்வி: எவ்வளவு ஆட்டம் விட வேண்டும்? ஆட்டமே இல்லாமல் இறுக்கமாக வைத்தால் நல்லதுதானே?

இறுக்கம் நல்லதில்லை. கியர் தடையில்லாமல் சுற்ற வேண்டும், அதே நேரம் அச்சில் மிக லேசாக மேலும் கீழும் அசைய வேண்டும். சுமார் 0.1 மில்லிமீட்டர் ஆட்டம் போதும். ஆட்டமே இல்லாமல் வைத்தால் ஓட்டத்தில் சூடேறும்போது சுற்று கனத்துவிடும்.

இதை அளக்க நான் கருவி எதுவும் தேடுவதில்லை. பிஸ்டன், ஸ்பிரிங், டாப்பெட் பிளேட் (குண்டை ஏற்றும் நாசிலை நகர்த்தும் தகடு), ஆன்டி ரிவர்சல் லாட்ச் (கியர் பின்னோக்கிச் சுற்றாமல் தடுக்கும் கொக்கி) எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடுவேன். கியரையும் ஷெல்லையும் கிரீஸ் இல்லாமல் சுத்தமாகத் துடைத்துக்கொள்வேன். கிரீஸ் இருந்தால் கியர் மெதுவாகச் சுற்றுவதற்குக் காரணம் ஷிம்மா கிரீஸா என்று தெரியாது. ஒரே ஒரு கியரை மட்டும் ஷிம்மோடு வைத்து ஷெல்லை மூடி, எல்லா ஸ்க்ரூவையும் முழுக்க இறுக்குவேன். இந்த இடத்தில்தான் பலர் சோம்பல்படுகிறார்கள். இரண்டு ஸ்க்ரூ போட்டுப் பார்த்துவிட்டுச் சரி என்று நகர்ந்துவிடுகிறார்கள். மீதி ஸ்க்ரூ இறுகும்போது ஷெல் இன்னும் கொஞ்சம் நெருங்கும். நீங்கள் விட்டுவைத்த 0.1 மில்லிமீட்டர் அங்கேயே காணாமல் போய்விடும்.

மூடியதும் ஷெல்லைக் காதருகே பிடித்து மெல்லக் குலுக்குங்கள். அச்சு புஷிங்கில் (அச்சு முனை சுற்றுவதற்காக ஷெல்லில் பதித்த வளையம்) தட்டி மெல்லிய ‘டிக்’ கேட்க வேண்டும். சத்தமே இல்லையென்றால் இறுக்கம். கடகடவென்று ஆடினால் இன்னொரு மெல்லிய ஷிம் வேண்டும். அப்புறம் கியரை விரலால் சுண்டிவிடுங்கள். சுற்றிச் சுற்றி வேகம் குறைந்து தானாக நிற்க வேண்டும். சட்டென்று பிடித்து நின்றால் எங்கோ உரசுகிறது.

பெவலுக்கு மட்டும் கூடுதலாக ஒரு சோதனை. ஷெல்லோடு கிரிப்பையும் மோட்டாரையும் பொருத்தி, கீழ்த்திறப்பு வழியாக டார்ச் அடித்துப் பாருங்கள். பினியன் பல் பெவல் பல்லுக்குள் ஏறக்குறைய முழுக்க இறங்கியிருக்க வேண்டும். ஆனால் அடியில் முட்டக்கூடாது. பெவலை முன்னும் பின்னும் அசைத்தால் மயிரிழை ஆட்டம் கையில் தெரிய வேண்டும். இது சரியாக அமைந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

ஸ்பரின் பெரிய சக்கரம் பெவலோடும், சிறிய சக்கரம் செக்டரோடும் சேரும். பல் முகம் முழுவதும் பல் முகத்தோடு சேர்கிறதா, ஒரு கியரின் தட்டைப்பக்கம் பக்கத்துக் கியரில் உரசாமல் இடைவெளி இருக்கிறதா என்று இரண்டையும் பாருங்கள். கடைசியாக மூன்றையும் சேர்த்து மூடிச் சுற்றிப் பாருங்கள்.

கேள்வி: இத்தனையும் செய்தேன். ஒரு வாரம் ஓட்டியதும் மறுபடி ஆட்டம் வந்துவிட்டது. ஷிம் தேய்ந்துவிட்டதா?

ஒரு வாரத்தில் ஷிம் தேயாது, புஷிங்தான் நகர்ந்திருக்கும். புஷிங் ஷெல்லில் முழுக்க உட்காராமல் கொஞ்சம் துருத்திக்கொண்டிருந்திருக்கும். நீங்கள் அந்தத் துருத்தலையும் சேர்த்து ஷிம் போட்டிருப்பீர்கள். ஓட்டத்தில் புஷிங் உள்ளே போய் உட்கார்ந்ததும் இடைவெளி கூடிவிட்டது. ஷிம்மைத் தொடுவதற்கு முன்னால் ஆறு புஷிங்கையும் அழுத்தி உட்காரவையுங்கள். லூசாக இருப்பதைச் சூப்பர் குளூவின் ஒரு சொட்டால் பிடித்துவைத்து, நன்றாகக் காயவிடுங்கள். பசை அச்சுத் துளைக்குள் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புஷிங்குக்குப் பதில் பால் பேரிங் போட்டிருந்தால் ஷிம்மின் அகலத்தையும் கவனியுங்கள். அது பேரிங்கின் உள்வளையத்தில் மட்டும் பட வேண்டும். அகலமான ஷிம் வெளிவளையத்திலும் பட்டால் பேரிங் போட்ட பலனே போய்விடும்.

கேள்வி: ஒரு 0.3 ஷிம் போடுவதா, மூன்று 0.1 போடுவதா?

ஒரு 0.3. ஷிம் எண்ணிக்கை குறைவாக இருப்பதே நல்லது. மெல்லியவற்றை அடுக்கினால் மடங்கும், கிழியும், கிழிந்த துண்டு கியர் பல்லில் மாட்டும். கடைசி நுண் அளவுக்கு மட்டும் ஒரு 0.1 சேர்த்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: கியர் மட்டும் இருக்கும்போது அருமையாகச் சுற்றுகிறது. முழுதாகப் பூட்டினால் செக்டர் எங்கோ உரசுகிறது.

கட் ஆஃப் லீவரைப் (மின்சாரத்தைத் துண்டிக்கும் நெம்புகோல்) பாருங்கள். செமியில் (டிரிகரை ஒருமுறை அழுத்தினால் ஒரே சுடல்) ஒரு சுடலுக்குப் பிறகு மின்சாரத்தைத் துண்டிக்க, செக்டரின் அடியில் உள்ள மேடு அந்த லீவரைத் தள்ளுகிறது. செக்டர் தாழ்ந்து உட்கார்ந்தால் லீவரில் தேய்க்கும். அதிகம் உயர்ந்தால் மேடு லீவரை முழுதாகத் தள்ளாது, செமியில் வைத்தாலும் தொடர்ந்து சுடும். லீவரை மாட்டி, செக்டரைக் கையால் ஒரு முழுச்சுற்று சுற்றிப் பாருங்கள். உரசினால் செக்டரின் கீழ்ப்பக்கம் ஒரு மெல்லிய ஷிம் கூட்டி, மேல்பக்கம் அதே அளவு குறையுங்கள். மொத்தம் மாறக்கூடாது. பிஸ்டன் பல்லோடு செக்டர் பல் நேராகச் சேர்கிறதா என்பதையும் அதே நேரத்தில் பார்த்துவிடுங்கள்.

கேள்வி: 7.4 வோல்ட் லிப்போ (லித்தியம் பாலிமர்) பேட்டரியில் சத்தமில்லை. 11.1-க்கு மாறலாமா?

ஷிம் சரியாக இருக்கிறது என்று உறுதியான பிறகு மாறுங்கள். வேகம் கூடும்போது சின்னக் கோளாறும் சீக்கிரம் பல்லைத் தின்றுவிடும். முதலில் சில சுடல்கள் விட்டுவிட்டுச் சுட்டு, மோட்டார் பக்கம் கிரிப்பைத் தொட்டுப் பாருங்கள். சூடு தெரிந்தால் நிறுத்திவிடுங்கள். அப்போதும் கியர்பாக்ஸைத் திறப்பதற்கு முன் பேட்டரியைக் கழற்றி, கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள். ஸ்பிரிங் அழுத்தத்தில் இருக்கும், ஷெல் திறந்ததும் ஸ்பிரிங்கைப் பின்னாலிருந்து தாங்கும் ஸ்பிரிங் கைடு முகத்துக்கு நேரே பாயும். பின்பக்கத் துளை வழியாக நீளமான ஸ்க்ரூடிரைவரைக் கைடுக்குள் விட்டுப் பிடித்துக்கொண்டு திறந்தால் பாயாது.