மாடு மேயும் வயலைக் கடக்கும் தம்பிக்கு

தம்பி, இங்கிலாந்துக்கு வந்து மூன்று வாரம் ஆகிறது, வீட்டிலிருந்து ரயில் நிலையத்துக்குப் போகும் பொதுப்பாதை (யாரும் நடந்துபோக உரிமையுள்ள பாதை) மாடுகள் மேயும் வயலுக்கு நடுவே போகிறது, பயப்பட வேண்டுமா என்று கேட்டிருந்தீர்கள். கூடவே பூட்ஸ், மழைக்கோட்டு, வங்கிக் கணக்கு பற்றியும். அதெல்லாம் கூட வேலை பார்ப்பவர்கள் சொல்லிவிடுவார்கள். மாட்டைப் பற்றித்தான் யாரும் சொல்ல மாட்டார்கள்.

"நாம் பார்க்காத மாடா" என்ற நினைப்பை முதலில் விடுங்கள். நமக்குப் பழக்கம் மூக்கணாங்கயிறு போட்ட மாடு, அதட்டினால் விலகும். இங்கே கயிறே கிடையாது. முப்பது, நாற்பது என்று மந்தையாக மேயும். ஒரு கறவை மாடே 600 கிலோ வரும். வாரக்கடைசியில் கூட்டமாக நடக்க வரும் நம்மவர்கள் வாழைப்பழத்தை நீட்டுவதையும், கன்றுக்குட்டியைத் தடவிக்கொண்டே படம் எடுப்பதையும் பார்க்கும்போது எனக்கு வயிறு கலங்கும். சொன்னால் கோபித்துக்கொள்கிறார்கள்.

இங்கே மாடு தாக்கி நடைப்பயணிகள் இறந்திருக்கிறார்கள். பெரும்பாலும் கன்று ஈன்ற பசுக்கள்தான் காரணம், பல சமயம் கூட ஒரு நாயும் இருந்திருக்கிறது. அதனால் பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போகாதீர்கள். பாதை அப்படித்தான் போகிறது என்றால் பாதையை விட்டு விலகி, வேலியோரமாகச் சுற்றிப் போங்கள், தப்பில்லை. நண்பரின் நாயைக் கூட்டிப் போனால் வாரைக் குறுக்கிப் பிடியுங்கள். ஆனால் மாடு துரத்தினால் உடனே வாரை விட்டுவிடுங்கள். மாட்டின் குறி நாய்தான், அது ஓடித் தப்பித்துக்கொள்ளும். நாயைக் காப்பாற்றப் போய் மிதிபட்டவர்கள் உண்டு.

காளை பற்றியும் கேட்டீர்கள். இங்கே 1981இல் வந்த ஒரு சட்டப்படி, பொதுப்பாதை போகும் வயலில் பத்து மாதம் தாண்டிய கறவை இனக் காளையை விடக்கூடாது. மற்ற இனக் காளைகளைப் பசுக்களோடு சேர்த்து விடலாம். எந்த இனம் என்று தூரத்திலிருந்து நமக்கு எங்கே தெரியப்போகிறது? விலகியே போங்கள்.

நான் வந்தது 2005 மே மாதம். ஷ்ராப்ஷயரில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை. இரண்டாவது வாரம், விடியற்காலை ஷிப்ட்டுக்கு நேரமாகிவிட்டதென்று வயலில் இறங்கினேன். பதினைந்து கிடேரிகள் இருக்கும். மெல்ல வந்தவை திடீரென்று ஓடி வந்தன. நானும் ஓடினேன். வேலியைத் தாண்டும் மரப்படியில் கால் வழுக்கி, இடது மணிக்கட்டு முறிந்தது. கிடந்தபடியே திரும்பிப் பார்க்கிறேன், வேலிக்கு அந்தப் பக்கம் எல்லாம் வரிசையாக நிற்கின்றன. காதில் மஞ்சள் அட்டை, மூக்கு நுனியில் ஈரம், மூச்சு ஆவியாக என் முகத்தில் அடிக்கிறது. ஒன்றுகூட முட்ட வரவில்லை. இளசுகளுக்கு வேடிக்கை பார்க்கும் ஆசை. ஓடினால் கூடவே ஓடும். நின்று, அவற்றின் பக்கம் திரும்பி, கையை அகல விரித்துக் குரல் கொடுத்தால் பெரும்பாலும் நின்றுவிடும். அப்புறம் மெதுவாக நடக்கலாம், முதுகைக் காட்டி விரைய வேண்டாம்.

இதை எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் பக்கத்துப் பண்ணை வீட்டுப் பாட்டி. பொதுப்பாதையும் வயல் வேலியும் தெரியும் 1:25,000 அளவு ஆர்ட்னன்ஸ் சர்வே (இங்குள்ள அரசு வரைபட நிறுவனம்) வரைபடம் ஒன்றையும் கொடுத்தார். நீங்களும் ஒன்று வாங்குங்கள், மாடு நிற்கும் நாளில் மாற்றுவழி தேட உதவும். கட்டு பிரித்த பிறகு மூன்று நாள் காலையில் என்னோடு கூடவே வயலைக் கடந்தார். நான்காம் நாள் கேட் அருகிலேயே நின்றுவிட்டு, "போ" என்று கையைக் காட்டினார். நான் பாதி தூரம் போனபோது கிடேரிகள் தலையைத் தூக்கிப் பார்த்தன. நின்றேன், கையை விரித்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு அவை மறுபடி புல்லில் வாயை வைத்தன. அடுத்த வேலியை நான் தாண்டும்வரை பாட்டி கேட்டை விட்டு நகரவில்லை.