பெரிய மின்னூட்டம் பெரிதாகத் தள்ளுமா?

கேள்வி: நேர்மின்னூட்டமுள்ள இரண்டு சிறு குண்டுகள். ஒன்றில் 10 நானோகூலூம் (கூலூம் மின்னூட்டத்தின் அலகு, நானோ என்றால் அதில் நூறு கோடியில் ஒரு பங்கு), நிறை 2 கிராம். மற்றதில் 20 நானோகூலூம், நிறை 6 கிராம். இடைவெளி 10 செ.மீ. எதன்மீது விசை அதிகம்? முடுக்கத்தை வைத்து, இடைவெளி 20 செ.மீ. ஆகும்போது வேகம் என்ன என்று சொல்லிவிடலாமா?

பதில்: விசை இரண்டின்மீதும் ஒன்றேதான். மின்னூட்டங்களுக்கு இடையிலான விசையைச் சொல்லும் கூலூம் விதியில் இரு மின்னூட்டங்களும் பெருக்கித்தான் வருகின்றன. எதற்கும் தனிப் பங்கு கிடையாது. 9 × 10⁹ என்ற மாறிலியோடு இரண்டு மின்னூட்டங்களையும் பெருக்கி, 0.1 மீட்டரின் இருமடியால் வகுத்தால் 0.00018 நியூட்டன். வேறு விசை இல்லையென்றால் முடுக்கம் 2 கிராம் குண்டுக்கு 0.09 மீ/வி², 6 கிராம் குண்டுக்கு 0.03 மீ/வி². வித்தியாசம் நிறையால் வந்ததே தவிர மின்னூட்டத்தால் அல்ல.

பலர் சறுக்குவது அலகில். 10 செ.மீ.யை மீட்டராக மாற்றாமல் 10 என்றே போட்டால் விசை 10,000 மடங்கு குறைந்துவிடும்.

வேகத்துக்கு இந்த முடுக்கத்தை நம்பாதீர்கள். விலக விலக விசை குறைகிறது, 20 செ.மீ.யில் கால்பங்குதான் மிஞ்சும். சீரான முடுக்கச் சமன்பாட்டைப் போட்டால் வேகம் சுமார் 41 சதவீதம் கூடுதலாக வரும். ஆற்றல் வழியே போவதுதான் சரி. தொடக்கத்தில் இருக்கும் நிலையாற்றல் 0.000018 ஜூல். இடைவெளி இரட்டிக்கும்போது அதில் பாதி இயக்க ஆற்றலாகிறது. அதில் முக்கால்வாசி இலேசான குண்டுக்குப் போகும். அதன் வேகம் சுமார் 8.2 செ.மீ./வினாடி. கனமான குண்டுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கு வேகம்.

கேள்வி: பயிற்சிக் கணக்குகளில் வரும் மைக்ரோகூலூம் (1,000 நானோகூலூம்) மின்னூட்டத்தை 1 செ.மீ. ஆரமுள்ள உலோகக் குண்டில் ஏற்றிப் பார்க்க முடியுமா?

பதில்: காற்றில் முடியாது. மின்புலம் மீட்டருக்கு ஏறத்தாழ 30 லட்சம் வோல்ட்டைத் தாண்டினால் காற்றே கடத்தத் தொடங்கிவிடும். அந்த அளவுக் குண்டு தாங்குவது சுமார் 33 நானோகூலூம்தான். மிச்சம் காற்றில் கசிந்துவிடும்.

மேலே சொன்ன குண்டுகளை மேசையில் வைத்தாலும் அசையாமல் போகலாம். 2 கிராம் குண்டின் எடை அந்த விசையைப்போல் 100 மடங்குக்கும் மேல், உராய்வே பிடித்துக்கொள்ளும். 1 மீட்டர் நைலான் நூலில் தொங்கவிடுங்கள். விலகி நின்ற நிலையில் இடைவெளி 10 செ.மீ. என்றால், 2 கிராம் குண்டு செங்குத்திலிருந்து 9 மி.மீ. ஒதுங்கியிருக்கும். நூலைக் கையால் தொட்டுத் தொட்டுப் பார்க்காதீர்கள். வியர்வையின் உப்பும் ஈரமும் படிந்த நூல் வழியே மின்னூட்டம் இறங்கிவிடும்.