என் சீக்வென்ஸ் டேட்டாவை, அதான் டிஎன்ஏ எழுத்து வரிசையை, ஜென்பேங்க்ங்கிற பொது டேட்டாபேஸ்ல போட்டா வேற லேப் எடுத்து பேப்பர் போட்டுடாதா?

நீங்க மாஸ்டர்ஸோ பிஎச்டியோ பண்றீங்க, சூப்பர்வைசர் "பேப்பர் வரட்டும், அப்புறம் போடலாம்"னு சொல்லியிருப்பாரு, சரிதானே?

எங்க லேப்லயும் இதே கதைதான். நான் சிங்கப்பூர்ல மீன் டிஎன்ஏ வேலை பாக்குறேன், தேக்கா மார்க்கெட்ல மீன் வாங்கிட்டு வந்து சிஓஐங்கிற ஜீன்ல சுமார் 650 எழுத்து படிச்சா பெரும்பாலும் எந்த இனம்னு சொல்லிடலாம். சப்மிட் பண்ணும்போதே பாஸ் ரிலீஸ் தேதியைத் தள்ளி வைக்கச் சொல்லிட்டாரு, ஜென்பேங்க்ல அந்த வசதி இருக்கு, அதுவரைக்கும் யார் கண்ணுலயும் படாது. நாங்க ரிவியூவரோட மல்லுக்கட்டிட்டு இருந்த நேரத்துல வெளிநாட்டு குரூப் ஒண்ணு அதே இனத்தை, அவங்களே பிடிச்ச மீன்லேர்ந்து படிச்சு ஓப்பனா போட்டுட்டாங்க. இப்ப எல்லாரும் சைட் பண்றது அவங்க ஆக்ஸஷன் நம்பரைத்தான், அதாவது அவங்க ரெக்கார்டோட அடையாள எண்ணை. நாங்கதான் முதல்ல படிச்சோம்னு யார்கிட்ட போய் சொல்ல?

தள்ளி வைக்காம அப்பவே ஓப்பனா விட்டிருந்தா, எங்க பேரு, தேதி ரெண்டும் எல்லாரும் பாக்குற மாதிரி ரெக்கார்டுல நின்னிருக்கும். ஜென்பேங்க், ஐரோப்பாவோட ஈஎன்ஏ, ஜப்பானோட டிடிபிஜேன்னு மூணு டேட்டாபேஸும் தினமும் டேட்டாவை மாத்திக்கிறாங்க, ஒரு இடத்துல போட்டா போதும், வேற ஆளு வந்து உங்க ரெக்கார்டுல கை வைக்கவும் முடியாது.

திருட்டு பயமே முட்டாள்தனம்னு நான் சொல்லல, உடனே சண்டைக்கு வந்துடாதீங்க. இந்தோனேசியா 2007 வாக்குல பறவைக் காய்ச்சல் சாம்பிளைக் குடுக்க மாட்டேன்னு நின்னதுக்குக் காரணமே, நம்ம வைரஸை வெச்சு இன்னொருத்தன் தடுப்பூசி பண்ணி நமக்கே வித்தா என்ன நியாயம்ங்கிற கோவம்தான். அந்த மாதிரி சண்டைக்கு நடுவுலதான் 2008ல கிசெய்ட் (GISAID)ங்கிற ஃப்ளூ வைரஸ் டேட்டா தளம் வந்துச்சு, அங்க லாகின் வேணும், டேட்டா குடுத்தவங்களுக்கு க்ரெடிட் குடுக்கணும்னு ஒத்துக்கிட்டுதான் உள்ள போக முடியும். ஜென்பேங்க்ல லாகின்கூட இல்லாம யாரும் எடுக்கலாம். மனுஷ ஜீனோம்னா விஷயமே வேற, நான் அதைப் பத்திப் பேசல.

ஆனா ஒண்ணு, என் உழைப்பை எடுத்தது வெளி லேப் இல்ல. ராத்திரி ராத்திரியா பிசிஆர் ஓட்டினது நானு, பேப்பர் வந்தப்போ ஆத்தர் லிஸ்ட்ல இல்ல, கான்ட்ராக்ட் ஸ்டாஃபாம், நன்றி சொல்ற பத்தில கடைசியா ஒரு பேரு, அதுவும் ஸ்பெல்லிங் தப்பா. ஜென்பேங்க் ரெக்கார்டுல மட்டும் முதல் பேரு என்னோடது, ஏன்னா அந்த ஃபார்மை உக்காந்து நிரப்ப வேற யாருக்கும் பொறுமை இல்ல.